அந்த ‘டூ’ எந்த ‘டூ’?

“நான் பைலட் ஆகணும்” என்று பிள்ளை சொன்னதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, “எவ்வளவு ஆகும்?” சில லட்சம் ரிங்கிட் என்று தெரிந்த பிறகு பெரும்பாலும் இரண்டாவது கேள்வி வருவதில்லை. வந்தாலும், “கண்ணாடி போட்டிருக்கானே, எடுப்பாங்களா?” என்றுதான் இருக்கும். (எடுப்பார்கள். கண்ணாடியோடு பார்வை விதித்த அளவில் இருந்தால் போதும்.)

படிப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தோளில் நான்கு கோடுகள் தெரிகின்றன. அதற்கு முன்னால் மேசையில் கழியும் மாதங்கள் தெரிவதில்லை.

விமானி உரிமத்துக்கான எழுத்துத் தேர்வு முறை நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். ஐரோப்பிய முறையில் 13 பாடங்கள், ஒவ்வொன்றிலும் 75 விழுக்காடு எடுத்தாக வேண்டும். விமானச் சட்டம், வானிலை, வழிகாட்டல், எந்திரங்கள், கருவிகள், எடையும் சமநிலையும், மனித உடலும் மனமும் என்று பட்டியல் நீளும். எல்லாவற்றிலும் தேறி, வர்த்தக உரிமம் வாங்கிய பிறகும் பெரிய உரிமம் கைக்கு வராது. 1,500 மணி நேரம் பறக்கும்வரை அது ‘ஃப்ரோஸன்’, அதாவது உறைந்த நிலையில் இருக்கும். ஐஸ் பெட்டியில் வைத்த மீன் மாதிரி என்று மாணவர்களே கேலி செய்வார்கள்.

பாடங்கள் எல்லாம் வறட்சி என்று நினைத்துவிட வேண்டாம். விமானத்தின் திறனைக் கணக்கிடும் அட்டவணைகள் கடல் மட்டத்தில் வெப்பநிலை 15 டிகிரி என்ற அனுமானத்தில் தொடங்குகின்றன. நம் ஊரில் 15 டிகிரியை எங்கே போய்த் தேடுவது? 32 டிகிரி வெயிலில் காற்று விரிந்து மெலிந்துபோகும். சுபாங் ஓடுபாதை கடல் மட்டத்திலிருந்து நூறடிகூட உயரமில்லை. ஆனால் அந்த வெயிலில் நிற்கும் விமானத்துக்கு, ஏறத்தாழ 2,000 அடி மலைமேல் நிற்பதுபோன்ற காற்றுதான் கிடைக்கும். மேலெழும்ப அதிக தூரம் ஓட வேண்டும். இதைப் புரிந்துகொண்டவனுக்கு அட்டவணை சுமையாக இருக்காது.

சுங்கை வேயில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இந்தத் தேர்வுகளுக்குத்தான் படித்துக்கொண்டிருக்கிறான். வேலை முடிந்து வந்து, மாமாக் கடையில் ஒரு தே தாரிக்கை இரண்டு மணி நேரம் குடிப்பான். கைப்பேசியில் கேள்வி வங்கி ஓடிக்கொண்டிருக்கும். முந்தைய கேள்விகளும் அவை போன்றவையும் ஆயிரக்கணக்கில் அதில் உண்டு. பதில்களை மனப்பாடம் செய்தே தேறிவிடலாம் என்று நம்புகிறவர்களும் உண்டு.

“அக்கா, கம்யூனிகேஷன் பேப்பர் சும்மா. ரெண்டு ராத்திரி போதும். நீங்க வந்து எழுதினாகூட பாஸ் பண்ணிடுவீங்க” என்றான்.

வானொலியில் பேசிப் பிழைக்கிற என்னைப் பாராட்டினானா, பாடத்தை மட்டம் தட்டினானா தெரியவில்லை. ஆனால் அந்தப் பாடத்துக்கான மிகப் பெரிய பாடம் அவன் வீட்டிலிருந்து எல்.டி.பி. நெடுஞ்சாலையில் நேராகப் போனால் வரும் பூச்சோங்கில்தான் நடந்தது. நெரிசல் இல்லாவிட்டால், அதாவது விடியற்காலையில் போனால், கொஞ்ச நேரப் பயணம்தான்.

1989 பிப்ரவரி 19. கே.எல்.ஐ.ஏ. வராத காலம், சுபாங்தான் தலைநகரின் பெரிய விமான நிலையம். சிங்கப்பூரிலிருந்து ஃப்ளையிங் டைகர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் அதிகாலையில் சுபாங்கை நெருங்கியது. தரையிலுள்ள ஒரு வானொலி முனையத்தின் சமிக்ஞையைப் பிடித்து இறங்கும் பழைய முறை. அது திசையைக் காட்டும், உயரத்தைச் சொல்லாது. உயரத்தை விமானிதான் காக்க வேண்டும்.

2,400 அடிக்கு இறங்கச் சொல்ல நினைத்த கட்டுப்பாட்டாளர், “டிசெண்ட், டூ ஃபோர் ஜீரோ ஜீரோ” என்றார். விமானியின் காதில் அந்த ‘டூ’ இரண்டு என்ற எண்ணாக விழவில்லை. ‘வரை’ என்ற பொருள் தரும் இன்னொரு ‘டூ’வாக விழுந்தது. ஆக, 400 அடி வரை இறங்கு! “ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ” என்று பதில் போனது. பதிலில் இருந்த தவறை யாரும் திருத்தவில்லை. விமானி அறையில், எந்த முறையில் இறங்குவது என்பதிலேயே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கைக் கருவி திரும்பத் திரும்பக் கூவியும் விமானம் மேலெழவில்லை. பூச்சோங் அருகே மலைச்சரிவில் மோதியது. அதில் இருந்த நால்வரும் இறந்தார்கள்.

நம் வீடுகளில் பலருக்கு ஒரு பயம் உண்டு. “இங்கிலீஷ் சரளமா வராதே, ரேடியோவில் எப்படிப் பேசுவான்?” என்பார்கள். அந்த விமானத்தை ஓட்டியவர்கள் அமெரிக்கர்கள். சரளத்துக்கு அங்கே குறைவேயில்லை. குறைந்தது வேறொன்று. உயரத்தைச் சொல்லும்போது இலக்கம் இலக்கமாகச் சொல்லாமல் “டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்” என்று ஆயிரம், நூறு, அடி மூன்றையும் சேர்த்துச் சொல்லியிருந்தால், எந்த ‘டூ’ என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. அனைத்துலக விமானத் துறை விமானிகளிடம் கேட்பது ஆறு படிகளில் நான்காம் படி ஆங்கிலம். உச்சரிப்பில் தமிழ் வாடை அடிக்கலாம், புரிந்தால் போதும். பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கிய பிள்ளையைவிட, சொன்னதை அப்படியே வாங்கித் திருப்பிச் சொல்லும் பிள்ளைக்கே இந்தப் பாடம் எளிதாக வரும் என்பது என் எண்ணம்.

அந்தப் பாடத்தில் இருப்பதெல்லாம் இப்படிப்பட்ட கதைகளின் மிச்சம்தான். இரைச்சலில் ஐந்தும் ஒன்பதும் ஒன்றாகக் கேட்கும் என்பதால் ஐந்து ‘ஃபைஃப்’, ஒன்பது ‘நைனர்’. 1977 மார்ச் 27 அன்று தெனெரிஃபே தீவில் இரண்டு 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். புறப்பட அனுமதி கிடைத்ததா இல்லையா என்ற குழப்பம் அதில் பெரும்பங்கு வகித்தது. அதன் பிறகு ‘டேக் ஆஃப்’ என்ற சொல் புறப்படும் அனுமதிக்கும் அதை ரத்து செய்வதற்கும் மட்டுமே. மற்ற நேரங்களில் ‘டிபார்ச்சர்’தான்.

சினிமா பார்த்து நாம் பழகிய ‘ரோஜர்’ இருக்கிறதே, அதற்கு ‘சரி’ என்று பொருளில்லை. ‘நீங்கள் கடைசியாகச் சொன்னது முழுதும் கேட்டது’ என்று மட்டுமே. உயரம், திசை, ஓடுபாதை எண், காற்றழுத்த அளவு ஆகியவற்றைச் சொன்னால் ‘ரோஜர்’ செல்லாது; முழுதாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். மறுமுனையில் இருப்பவர் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். எங்கள் ஒலிபரப்புக் கூடத்தில் நேயர் அழைத்துக் கைப்பேசி எண்ணைச் சொன்னால்கூட இப்படித்தான் செய்கிறோம், ஒரு பரிசுக் கூப்பனுக்காக.

பூச்சோங் கதையை அந்தத் தம்பியிடம் சொன்னேன். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. கேள்வி வங்கியில் வராததால் மறந்துவிட்டானாம்.

இப்போது அவன் பயிற்சி மாறியிருக்கிறது. அவன் அம்மாவுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. கிளம்புவதற்கு முன் பதினைந்து நிமிடம், மகன் எழுதிக் கொடுத்த அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் உச்சரிப்பிலேயே வாசிக்கிறார். சமையலறை விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். இரைச்சலுக்கு அது உதவுகிறதாம். இவன் எதையும் பார்க்காமல் திருப்பிச் சொல்ல வேண்டும். அம்மா அட்டையில் விரல் வைத்துச் சரிபார்க்கிறார். நான் போயிருந்த அன்று உயரம் சரியாக வந்தது, திசை வந்தது, காற்றழுத்தமும் வந்தது. அடுத்த அட்டைக்குக் கை நீட்டினான். அம்மா கொடுக்கவில்லை.

“ரன்வே நம்பர் எங்கடா?”