டிரையர் வாங்கியாச்சு, சுவத்துல ஓட்டை எங்க சாமி?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டல. ஆணி அதிகம். இன்னைக்கு வயித்தெரிச்சல் தாங்காம உக்காந்து தட்டுறேன். மொக்கைப் பதிவுன்னு ஓடிறாதீங்க மக்களே, இதுல ஒரு பச்சப்புள்ள சம்பந்தப்பட்டிருக்கு.

நம்ம ஊர் திருநாவலூர்னு உங்களுக்குத் தெரியும். சுந்தரர் பிறந்த ஊரு. வெயிலுக்குப் பஞ்சமே கிடையாது. சித்திரையில கொடியில போட்ட வேட்டி அரை மணியில அப்பளம் மாதிரி ஆயிடும். ஆனா 2024-ல ஃபெஞ்சல் புயல் வந்து விழுப்புரம், கள்ளக்குறிச்சி ரெண்டு மாவட்டத்தையும் புரட்டிப் போட்டுச்சே, அதுல இருந்து எங்க அக்கா வீட்டுக்காரருக்கு மழைன்னாலே உதறல். போன மழைக்கு அக்கா பொண்ணு பிரசவத்துக்கு வந்திருந்தா. புள்ளைத் துணி காயவே இல்ல. மாமா நேரா கடைக்குப் போய் ஒரு டிரையர் வாங்கிட்டு வந்துட்டார்.

டிரையர்னதும் செமி ஆட்டோமேட்டிக் மெஷின்ல பக்கத்துல சுத்துற தொட்டின்னு நினைச்சுக்காதீங்க. அது சுத்திப் பிழியுது, அவ்ளோதான். நான் சொல்றது ஹீட்டர் வச்சு சூடு காத்தடிச்சு உலத்துற மெஷின். ஒரு லோடு துணியில இருந்து ஒண்ணு ரெண்டு லிட்டர் தண்ணிய ஆவியாக்கி, பின்னாடி குழாய் வழியா வெளிய தள்ளும். கூடவே துணியில இருந்து உதிர்ற பஞ்சும் வரும். ஃபில்டர் எல்லாத்தையும் பிடிக்காது, மிச்சம் குழாய்க்குள்ள போய் ஒட்டிக்கும்.

மாட்ட வந்த தம்பி என்ன பண்ணினார் தெரியுமா? மாடிப்படிக்கு அடியில இருக்குற ஸ்டோர் ரூம்ல வச்சு, குழாய சுருட்டி மெஷினுக்குப் பின்னாடியே சொருகிட்டுப் போயிட்டார். "சுவத்துல ஓட்டை போட்டா பல்லி வரும் சார், வெறும் காத்துதானே, உள்ளயே போகட்டும்"னு அருள்வாக்கு வேற. நம்ம மாமா அதுக்கும் மேல. பஞ்சு பறக்குதுன்னு குழாய் வாயில பழைய பனியன வச்சு ரப்பர் பேண்டு போட்டுட்டார்!

மூணு வாரம். ஒரு நாள் ராத்திரி தீஞ்ச வாடை. மெஷின் தானா நின்னுடுச்சு. சூடு அளவு மீறினா கட் பண்ற சுவிட்ச் உள்ள இருக்கும், அது காப்பாத்திருச்சு. மறுநாள் நான் போய் குழாயக் கழட்டினா, தலகாணிக்கு அடைக்கிற அளவுக்குப் பஞ்சு. கொஞ்சம் கருகியும் இருந்துச்சு. சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் தொட்டில்ல புள்ள தூங்குது.

"அதான் ஒண்ணும் ஆகலையே மாப்ள"ங்கிறார் மாமா. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தப் பதிவே.

ஒண்ணும் ஆகாதா? அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008-ல இருந்து 2010 வரைக்கும் எடுத்த கணக்குல, வீட்டு டிரையரால வருஷத்துக்கு 2,900 தீ விபத்து, 5 சாவு, 100 பேருக்குக் காயம். காரணத்துல முதல் இடம் எதுக்கு? சுத்தம் பண்ணாம விட்டதுக்கு, 34 சதவீதம். மெஷின் கோளாறுக்கு அடுத்த இடம்தான்.

லண்டன் கதை இன்னும் மோசம். பஞ்சு போய் ஹீட்டர்ல விழுந்து பத்திக்கலாம்னு 2015-லயே தெரிஞ்சு, விர்ல்பூல் கம்பெனி லட்சக்கணக்கான டிரையர்கள சரி பண்ணித் தர்றேன்னு சொல்லுச்சு. அதுவரைக்கும் பக்கத்துல ஆள் இருந்தா ஓட்டிக்கலாம்னும் சொல்லுச்சு. 2016 ஆகஸ்ட் 19, ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில 18 மாடிக் கட்டடத்துல, அந்த வரிசையில வந்த ஒரு டிரையர் ஓடிட்டிருக்கும்போதே பத்திக்கிச்சு. நல்லவேளை உயிர் போகல, வீடுகள் போச்சு. 2017-ல தான் "பிளக்கப் புடுங்குங்க"ன்னு சொன்னாங்க. கம்பெனிக்காரன் சொல்லிட்டான்னு நம்புற ஆளுங்க இத ரெண்டு தடவ படிங்க.

இப்ப நான் கேக்குறேன். ஏசி பைப்புக்கு ஓட்டை விட்டு வீடு கட்டுற இன்ஜினியருங்களே, இதுக்கு ஒரு நாலு இஞ்சு ஓட்டை விட என்ன கேடு? மெஷின விக்கிற கடைக்காரரே, குழாய் எங்க போகும்னு கேக்காம பில் போடலாமா? பல்லி வருமாம்! குழாய் முனையில காத்தடிச்சா திறந்து, நின்னா மூடிக்கிற தட்டு மூடி வைங்க, பல்லி வராது. வலை மட்டும் வேண்டாம், பனியன் செஞ்ச வேலையத்தான் அதுவும் செய்யும்.

குழாய் தகரத்துல வழவழப்பா இருக்கணும், மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் ஆகாது. எவ்ளோ குட்டையோ அவ்ளோ நல்லது. அமெரிக்க வீட்டு விதிப்படி 35 அடிதான் உச்சம், ஒவ்வொரு நேர்வளைவுக்கும் 5 அடி கழிச்சிக்கணும். ஃபில்டர ஒவ்வொரு லோடுக்கும், குழாய அப்பப்ப கழட்டியும் சுத்தம் பண்ணுங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகாதீங்க, தனி 16 ஆம்ப் பிளக் வேணும். போட்டுட்டுத் தூங்கப் போகாதீங்க.

நம்ம ஊருக்குன்னே ஒரு எச்சரிக்கை. சனிக்கிழமை நல்லெண்ணெய் தேச்சுத் தொடச்ச துண்ட டிரையர்ல போடவே போடாதீங்க. சோப்புல எண்ணெய் முழுசா போகாது. சூடான துணிய எடுத்துக் குவிச்சு வச்சா, மிச்ச எண்ணெய் காத்தோட சேர்ந்து தானா சூடேறும். நடுவுல நெருப்பே பத்திக்கலாம், தீக்குச்சி வேண்டாம். கடைசி பத்து நிமிஷம் மெஷின் சூடில்லாம சுத்துறதும் இதுக்குத்தான். அவசரப்பட்டு நிறுத்தாதீங்க.

குழாயே வேண்டாம்னா கண்டென்சர், ஹீட் பம்ப் வகைங்க இருக்கு. விலை ஜாஸ்தி. அதுக்கும் ஃபில்டர் சுத்தம் பண்ணியே ஆகணும், தப்பிக்க முடியாது.

மாமா வீட்டுக் கதை? கொத்தனாரக் கூட்டிட்டுப் போய் நானே நின்னு ஓட்டை போட வச்சேன். கூலி 800 ரூவா. "புது சுவரு வீணாப் போச்சு"ன்னு மாமா இன்னமும் என்கிட்ட சரியா பேசல. பேசலேன்னா போகட்டும், புள்ள நல்லாருக்கு.

டிஸ்கி: உங்க வீட்டுல டிரையர் இருந்தா, பின்னூட்டம் போடறதுக்கு முன்னாடி எந்திரிச்சுப் போய் குழாய் எங்க முடியுதுன்னு பாத்துட்டு வாங்க. கும்மி அப்புறம் அடிக்கலாம் :-)