அந்த 32 கிலோ யாருடைய கணக்கில்?

நம் வியாபாரிகளில் பெரும்பாலானோருக்கு விஞ்ஞானி என்றால், வெள்ளைக் கோட்டு அணிந்து நமக்கு விளங்காத மொழியில் பேசும் ஒருவர். அவருக்கும் நம் கடைக்கும் என்ன சம்பந்தம் என்றே நானும் நீண்ட காலம் நினைத்திருந்தேன். வாப்பாவின் காலத்திலிருந்து புறக்கோட்டையில் கச்சானும் செத்தல் மிளகாயும் மொத்தமாக விற்று வருகிறோம். சரக்கைப் பார்க்க இரண்டு விரலும் ஒரு மூக்கும் போதும் என்பது என் எண்ணம். கச்சான் பருப்பைத் தேய்த்தால் தோல் கழன்று வர வேண்டும். கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும். அவ்வளவுதான் எங்கள் பரிசோதனை.

சில வருடங்களுக்கு முன்னர் அந்த எண்ணம் உடைந்தது. இனிப்பு வகைகள் செய்து ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்துக்கு நான் அனுப்பிய 2,000 கிலோ கச்சான் பருப்பு அப்படியே திரும்பி வந்தது. லொறிக்காரர் தந்த தாளில் 'அஃப்ளாடொக்சின் கூடுதல்' என்று எழுதியிருந்தது. மூடையை அவிழ்த்துப் பார்த்தேன். பார்வைக்கும் பழுதில்லை, மணத்துக்கும் பழுதில்லை. அன்று பின்னேரமே ஒரு தரகர் வந்துவிட்டார். "நானா, கவலப்படாதீங்க. கோழித்தீன் செய்றவங்க பாதி விலைக்கு எடுப்பாங்க" என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் ஒரு கிலோ பருப்பை எடுத்துக்கொண்டு கொழும்பிலுள்ள ஓர் ஆய்வுகூடத்துக்குப் போனேன். வாங்கியவர் சாட்டுச் சொல்லித்தான் சரக்கைத் திருப்பியிருக்கிறார் என்று நிரூபிப்பதே என் நோக்கம்!

அங்கே இருந்த இரசாயனவியலாளர் நடுத்தர வயதுச் சிங்களப் பெண்மணி. பையைத் திறக்கக்கூட இல்லை. "முதலாளி, இதை எங்கிருந்து எடுத்தீர்கள்?" என்று கேட்டார். மேலே இருந்த மூடையிலிருந்து என்றேன். "அப்படியானால் இதைச் சோதித்துப் பயனில்லை" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர் பொறுமையாக விளக்கினார். இந்த நஞ்சு மூடை முழுவதும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. ஆயிரக்கணக்கான பருப்புகளில் ஒன்றிரண்டு பருப்புகளிலேயே அதிக அளவில் குவிந்திருக்கும். மேலாக ஒரு பிடி அள்ளினால் அந்தப் பருப்பு கையில் அகப்படாமலே போகலாம். மூடைக்கு மூடை, மேல், நடு, அடி என்று பல இடங்களில் சிறிது சிறிதாக எடுத்து, கலந்து, அரைத்துத்தான் சோதிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நேரடியாக உண்ணும் கச்சானுக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த அஃப்ளாடொக்சின் ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். அதாவது, 50 கிலோ மூடை இருபதில், எல்லாமாகச் சேர்த்து 4 மில்லிகிராம். ஒரு சில சீனிப் பருக்கைகளின் பாரம்! என் இரண்டு விரலும் மூக்கும் அதை எப்படிக் கண்டுபிடிக்கும்?

பிறகு அவர் ஒரு கதை சொன்னார். 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் சில மாதங்களுக்குள் செத்து விழுந்தன. காரணம் தெரியாததால் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். ஏதோ வைரஸ் என்று தேடினார்கள். கடைசியில், அவை தின்ற தீனில் கலந்திருந்த, பிரேசிலிலிருந்து வந்த கச்சான் புண்ணாக்கில் போய் நின்றது விசாரணை. அதில் வளர்ந்த அஸ்பர்ஜிலஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சணம் சுரந்த நஞ்சுதான் அத்தனை உயிரையும் எடுத்தது. அந்தப் பூஞ்சணத்தின் பெயரிலிருந்தே அஃப்ளாடொக்சின் என்ற சொல் பிறந்தது. 1987ஆம் ஆண்டு சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் வகுப்பில் சேர்த்தது. இது ஈரலைத் தாக்குகிறது. வறுத்தாலும் முழுதாக அழிவதில்லை. மாட்டுக்குத் தீனாகப் போட்டால் பாலிலும் வேறு உருவில் வந்து சேர்கிறது.

அப்போதுதான் அந்தத் தரகரின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. பாதி விலைக்குக் கோழித்தீன்! 1960இல் வான்கோழிகள் தின்றதும் அதுதானே?

அந்தச் சரக்கை நான் தரகருக்குக் கொடுக்கவில்லை. இரசாயனவியலாளர் சொன்னபடி, கடையில் வேலை செய்யும் பெண்களைக் கொண்டு நிறம் மாறியதையும் சுருங்கியதையும் உடைந்ததையும் கையால் பொறுக்கினோம். கெட்டது பெரும்பாலும் அவற்றில்தான் இருக்குமாம். ஒதுக்கியதை அழித்தேன். எஞ்சியதை முறையாக மாதிரி எடுத்துச் சோதித்த பின்னரே விற்றேன். நட்டம்தான், மறைக்கவில்லை. ஆனால் அந்த நட்டத்தில் கிடைத்த பாடம் பெரிது.

ஈரம்தான் இதற்கெல்லாம் வேர் என்று அந்தப் பெண்மணி சொல்லியிருந்தார். அதைப் பற்றிக் கேட்க ஒரு பல்கலைக்கழகத்தில் உணவு விஞ்ஞானம் படிப்பிக்கும் ஒருவரைத் தேடிப் போனேன். அவர் சொன்னது நம் காதுக்குப் புதிதல்ல. கச்சான் பருப்பின் ஈரம் 7 வீதத்துக்குக் குறைவாக இருந்தால் பூஞ்சணம் வளர வழியில்லை. நெல்லுக்கு 14 வீதம் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. எண்ணெய்ச் சத்துள்ள கச்சானுக்கு அளவு அதைவிடக் குறைவு. "இருபது வருடமாக இதையே சொல்கிறோம். பயிற்சி வைக்கிறோம், துண்டுப்பிரசுரம் கொடுக்கிறோம். எல்லோரும் தலையாட்டுகிறார்கள், யாரும் செய்வதில்லை. ஏன் என்றுதான் விளங்கவில்லை" என்று அலுத்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "சேர், காயவைத்தால் பாரம் குறையும். அந்தப் பாரத்துக்கு யார் காசு தருவது?" என்று கேட்டேன்.

அவர் பேனையை எடுத்தார். 10 வீத ஈரமுள்ள 1,000 கிலோ பருப்பில் உலர்ந்த பொருள் 900 கிலோ. அதையே 7 வீதத்துக்குக் காயவைத்தால் மொத்தப் பாரம் ஏறத்தாழ 968 கிலோ. 32 கிலோ ஆவியாகப் போய்விட்டது. நல்ல சரக்குத் தர வேண்டும் என்று நினைத்தவன் 32 கிலோ விலையை இழக்கிறான். ஈரத்தோடு விற்றவன் தண்ணீரைக் கச்சான் விலைக்கு விற்றுவிட்டுப் போகிறான். விவசாயியும் இதை அறிவான், ஊர்ச் சேர்ப்பு வியாபாரியும் அறிவான், நானும் அறிவேன். அந்தப் பேராசிரியர் தாளையே பார்த்துக்கொண்டு சிறிது நேரம் இருந்தார். "எங்கள் ஆய்வில் இந்த 32 கிலோ இல்லை" என்றார்.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த ஒரு வாக்கியம்தான். விஞ்ஞானியின் கையில் விடை இருக்கிறது. ஆனால் அந்த விடை சந்தையில் ஏன் விலைபோகவில்லை என்ற கேள்வி நம் கல்லாப் பெட்டியில் இருக்கிறது. இருவரும் சந்திக்காததால் விடை நூலகத்திலும் கேள்வி கடையிலும் தூங்குகின்றன.

நான் என்னைச் சுத்தமானவனாகக் காட்டிக்கொள்ள விரும்பவில்லை. ஈரச் சரக்கை நான் விலை குறைத்து வாங்கியிருக்கிறேன். இரண்டே நாளில் அடுத்தவர் தலையில் கட்டியும் இருக்கிறேன். காய்ந்ததா ஈரமா என்று பில்லில் ஒருநாளும் எழுதியதில்லை. தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியைக் கேட்ட சம்பவத்தை நாம் எத்தனை ஜும்ஆவில் கேட்டிருப்போம்! நம் மூடைக்குள் யாரும் கைவிட்டுப் பார்க்கவில்லை என்பதற்காக ஈரம் இல்லாமல் போய்விடுமா?

இது வெறும் இலாப நட்டக் கதையுமல்ல. 2004ஆம் ஆண்டு கென்யாவின் கிழக்குப் பகுதியில், ஈரத்தோடு சேமித்த சோளத்தில் உண்டான அஃப்ளாடொக்சினால் 317 பேர் நோயுற்றார்கள். அவர்களில் 125 பேர் இறந்தார்கள். விசாரணைக்குப் போன விஞ்ஞானிகள் வீடுகளில் மட்டும் தேடவில்லை, சந்தைக் கடைகளிலும் மாதிரி எடுத்தார்கள். அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை அந்நாட்டின் அனுமதி அளவைத் தாண்டியிருந்தன. அந்தக் கடைக்காரர்கள் கெட்டவர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. என்னைப் போல் விரலையும் மூக்கையும் நம்பியவர்களாக இருந்திருக்கலாம். நம் நாட்டிலும் 2021இல் இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் இதே நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டு எழுந்த பரபரப்பை யாரும் மறந்திருக்க முடியாது.

ஆராய்ச்சி கடைக்கு வந்து சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஆபிரிக்காவிலேயே உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 1980களின் பிற்பகுதியில் கமரூனில், கௌபி வண்டுக்கு மருந்தில்லாத வழி தேடினார்கள். அவர்கள் கண்டது, இரண்டு தடித்த பொலித்தீன் பைகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, வெளியே ஒரு சாதாரண சாக்கு. இறுகக் கட்டினால் உள்ளே ஒட்சிசன் குறையும். வண்டு தின்பதை நிறுத்திவிடும். மூச்சு முட்டித்தான் சாகிறது என்று முதலில் நினைத்தார்கள். பிறகு பார்த்தால், ஒட்சிசன் இல்லாததால் உடலுக்கு வேண்டிய நீரை உண்டாக்க முடியாமல், தாகத்தால் வறண்டு சாகிறதாம்! 2007இல் இந்தப் பையை மேற்கு, மத்திய ஆபிரிக்க நாடுகளில் பரப்பத் தொடங்கியபோது, அவர்கள் அதை இலவசமாகக் கொட்டவில்லை. உள்ளூர்த் தொழிற்சாலைகளில் செய்வித்து, உள்ளூர் வியாபாரிகள் இலாபத்துக்கு விற்கும் பொருளாக்கினார்கள். ஆராய்ச்சியைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனவர்களில் நம்மைப் போன்ற சிறு வியாபாரிகளும் இருந்தார்கள். (ஒரு விடயம்: ஈரத்தோடு கட்டினால் எந்தப் பையும் காப்பாற்றாது. முதலில் சரக்குக் காய வேண்டும்.)

நமக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே கறுவா இருக்கிறது. ஈரலைப் பாதிக்கக்கூடிய கூமரின் என்ற பொருள் கசியாவில் அதிகம்; நம் கறுவாவில் மிகச் சொற்பம். 2006இல் ஜேர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் கசியாவைப் பற்றி எச்சரித்தது. 2008இல் ஐரோப்பிய ஒன்றியம் உணவுப் பண்டங்களில் கூமரினுக்கு வரம்பு விதித்தது. 2022 பெப்ரவரியில் 'சிலோன் கறுவா' என்ற பெயருக்கு அங்கே புவியியல் குறியீட்டுப் பாதுகாப்பும் கிடைத்தது. விஞ்ஞானியின் ஆய்வு அறிக்கையைக் காதில் வாங்கிய ஏற்றுமதியாளருக்கு அது விலை பேசும் ஆயுதமாயிற்று. காதில் வாங்காதவர் இன்னும் பாரத்துக்குத்தான் விலை பேசுகிறார்.

சரி, என்ன செய்யலாம்?

முதலாவது, ஈரம் அளக்கும் மீற்றர் ஒன்று. தராசில்லாமல் கடை நடத்தாத நாம், இது இல்லாமல் நடத்துகிறோம். தனியாக வாங்க முடியாதவர்கள் நான்கு கடை சேர்ந்து வாங்கலாம்.

இரண்டாவது, காய்ந்த பொருளுக்கு விலை. கணக்கு இலேசானது. நூறிலிருந்து ஈரத்தைக் கழித்து, அதை 93ஆல் வகுங்கள். 7 வீத ஈரமுள்ள பருப்பின் விலை கிலோ 1,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், 10 வீதப் பருப்புக்கு 968 ரூபா. காயவைத்தவனுக்கும் நட்டமில்லை, தண்ணீருக்கும் விலையில்லை. ஆனால், ஈரச் சரக்கை வாங்கினால் உடனே காயவைக்க வேண்டும். ஏற்கனவே பூஞ்சணம் பிடித்த சரக்குக்கு எந்த விலைக் கழிவும் பரிகாரமல்ல. பில்லில் ஈரத்தின் அளவையும் எழுதுங்கள்.

மூன்றாவது, சரக்குத் திரும்பி வந்த பிறகு ஆய்வுகூடத்துக்கு ஓடுவதை விட்டு, முன்னரே போவோம். 1955இல் ஆரம்பிக்கப்பட்டு இன்று கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனமாக இயங்கும் நிறுவனம் கட்டணத்துக்குப் பரிசோதனை செய்து தருகிறது. அநுராதபுரத்தில் அறுவடைக்குப் பின்னரான விடயங்களுக்கென்றே ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது. நம் வர்த்தகச் சங்கங்கள் வருடாந்தக் கூட்டத்துக்கு அரசியல்வாதியை அழைத்து மாலை போடுவதோடு, ஒரு விஞ்ஞானியையும் அழைத்துக் கேள்வி கேட்கட்டும். விஞ்ஞானிகளிடமும் ஒரு வேண்டுகோள். ஆங்கிலத்தில் எழுதும் ஆய்வில் ஒரு பக்கத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். எழுதுமுன் ஒருநாள் எங்கள் களஞ்சியத்துக்கு வாருங்கள். நாட்டாமைமாரோடும் பேசுங்கள்.

நான் மீற்றர் வாங்கிய முதல் போகத்தில், எனக்குச் சரக்குத் தந்த இருவர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். அங்கே தண்ணீருக்கும் விலை கிடைத்தது. அடுத்த போகத்தில் அவர்களில் ஒருவர் திரும்பி வந்தார், நன்றாகக் காய்ந்த பருப்போடு. மற்றவர் இன்னும் வரவில்லை. ஒரு கடை மட்டும் நேர்மையாக அளந்தால், அந்த 32 கிலோ அந்தக் கடையின் நட்டம். தெரு முழுவதும் அளந்தால் அது யாருக்கும் நட்டமில்லை. அந்தப் பேராசிரியர் இப்போது தம் மாணவர்களை என் கடைக்கு அனுப்புகிறார். வருகிறவர்களிடம் நான் முதலில் கொடுப்பது மீற்றரை அல்ல, கொள்வனவுப் புத்தகத்தைத்தான்.