காம்பு விடும் காலம்

மிருத்யுஞ்சய மந்திரத்தை நாள்தோறும் செபிக்கும் அன்பர்கள் பலர். இருக்கு வேதத்தின் 7-ஆம் மண்டலத்தில் உள்ள அம்மந்திரம் முக்கண் இறைவனிடம் ஒன்றை வேண்டுகிறது. வெள்ளரிப்பழம் தன் பிணைப்பினின்று விடுபடுவதுபோல மரணத்திலிருந்து எம்மை விடுவிப்பாயாக, அமுத நிலையிலிருந்து பிரிக்காதிருப்பாயாக என்பது அதன் கருத்து. மாவும் பலாவும் இருக்க, தரையிற் படரும் எளிய கொடியின் கனியை உவமையாக்கியது ஏன்?

கொடி வளர்த்தவர்களுக்கு விடை தெரியும். பூசணி, பறங்கி, சுரை, வெள்ளரி யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆயினும் அவை கொடியைப் பிரியும் விதம் வேறு வேறு. பறங்கி முற்ற முற்ற, காம்பும் மரம்போல் இறுகும். அதனைக் காம்போடு அறுத்தெடுக்க வேண்டும். காம்பு பிய்ந்துவிட்டால் அவ்விடத்தில் அழுகல் தொடங்கும். சுரையோ கொடியிலேயே காய்ந்து குடுக்கையாகும். பழவெள்ளரி மட்டும், நன்கு கனிந்ததும் காம்படியில் மெல்லிய வெடிப்புக் கண்டு, தொட்டவுடன் கையோடு வந்துவிடும். கொடிக்கும் காயமில்லை, கனிக்கும் காயமில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தேனீ வந்து மகரந்தம் சேர்க்காத பிஞ்சும் உதிரத்தான் செய்கிறது. ஆனால் அது மஞ்சளித்து, வெம்பி உதிர்கிறது. குடும்பத்தின் மீது கொண்ட சலிப்பால், "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று ஒதுங்குவது அத்தகைய வெம்பலே. கனியோ கடைசி நாள்வரை கொடியிடமிருந்து சாற்றைப் பெற்று இனிமையாக்கிக் கொள்கிறது. முன்னதாகப் பறித்தால் மென்மையாகலாம், இனிப்பு ஏறாது. ஆதலின் கடமையை முடித்து, அன்பு நிறைந்து விடுபடுதலே மந்திரம் வேண்டும் விடுதலை.

முதுமையில் எளிதில் இளகாத காம்பு ஒன்று உண்டு. "பிள்ளைகள் கடல் கடந்து இருக்கிறார்கள், இறுதிக் கடனைச் செய்ய யார் வருவார்?" என்னும் கவலையே அது. அக்கவலைக்கு ஆறுதல் தரும் தலம், சங்கரன்கோவிலுக்கு வடக்கே, இராசபாளையம் செல்லும் சாலையில் உள்ள கரிவலம்வந்தநல்லூர். பால்வண்ணநாதரும் ஒப்பனையம்மையும் எழுந்தருளியுள்ள இத்தலம், அவ்வட்டாரத்துப் பஞ்சபூதத் தலங்களுள் அக்கினித் தலமாகும். தென்காசிப் பாண்டியர் மரபினனான வரதுங்கராம பாண்டியன் இப்பெருமானிடம் பேரன்பு பூண்டவன். மகப்பேறு இல்லாத அம்மன்னனுக்கு, இறைவனே மகன் நிலையில் நின்று இறுதிக் கடன் ஆற்றினார் என்பது இத்தல வரலாறு. அரசனுக்கு அருளிய பெருமான் ஆண்டியையும் கைவிடுவதில்லை. யார் வருவார் என்னும் கவலையை அவரிடம் ஒப்படைத்துவிடலாம்.

நாம் செய்ய வேண்டியவற்றையோ நாமே செய்தாக வேண்டும். வங்கிக் கணக்குகளுக்கு நியமனதாரர் பெயரைப் பதிவு செய்தல், உயிலைத் தெளிவாக எழுதுதல், பத்திரங்கள் இருக்குமிடத்தை வீட்டாருக்குச் சொல்லுதல், பீரோச் சாவியை மருமகளிடம் மனமுவந்து கொடுத்தல், பேசாதிருக்கும் உடன்பிறந்தாரிடம் தாமே முதலில் பேசுதல் ஆகியவை காம்பை இளக்கும் செயல்கள். இவற்றைச் செய்யாது மந்திரத்தை மட்டும் சொல்வது, பறங்கியாக இருந்துகொண்டு வெள்ளரியின் விடுதலையைக் கேட்பது போலாகும்.

இன்று மாலை விளக்கேற்றி மந்திரம் சொல்லி முடித்தபின், இவற்றுள் எஞ்சி நிற்பது எது என்று எண்ணிப் பார்ப்போம். நாளைக் காலையில் அதில் ஒன்றையேனும் முடிப்போம். கனிவிக்கும் பொறுப்பைப் பால்வண்ணநாதர் ஏற்றருள்வார்.