எதிரொலி மட்டும் போதுமா?

நுண்கட்டுப்படுத்தி என்னும் சிறு சில்லினைக் கற்கப் புகும் மாணவர் முதலில் எழுதிப் பார்க்கும் நிரல்களுள் ஒன்று எதிரொலி நிரல். விசைப்பலகையில் தட்டிய எழுத்து, தொடர் இணைப்பின் கம்பி வழியே ஒவ்வொரு பிட்டாகச் சென்று சில்லினை அடைகிறது. சில்லு அதனைப் பெற்றவாறே திருப்பி அனுப்ப, எழுத்துத் திரையில் தோன்றுகிறது. இணைப்புச் செம்மையாக உள்ளது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டா.

இதில் தமிழ்த்துறைக்கு என்ன வேலை என வினவுவோர் உளர். வேலை உண்டு என்பதே நம் கருத்து.

1963இல் வெளியான ஆஸ்கி முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டே போதும். தமிழுக்கோ, இன்று வழங்கும் ஒருங்குறியின் யூடிஎஃப்-8 முறையில், குறி ஒன்றுக்கு 3 பைட்டுகள் வேண்டும். 'தமிழ்' என்னும் சொல்லில் நம் இலக்கணப்படி எழுத்துகள் 3. ஒருங்குறியிலோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி எனக் குறிகள் 5. கம்பியில் செல்வன 15 பைட்டுகள்.

வெறும் எதிரொலிக்கு இதனால் இடரில்லை. பதினைந்தும் வந்தவாறே திரும்பினால் சொல் முழுமையாகத் தோன்றும். பிழையாகத் தட்டிய எழுத்தை அழிக்க முற்படும்போதுதான் இடர் தொடங்குகிறது. எளிய நிரல் தன் நினைவகத்திலிருந்து ஒரு பைட்டை மட்டும் நீக்கும். எஞ்சிய இரண்டும் எந்த எழுத்தையும் குறியா. எழுத்துகள் எத்தனை எனக் கேட்டாலோ, பதினைந்து என விடை பகரும்!

குறை தமிழில் இல்லை. ஒரு பைட்டே ஓர் எழுத்து எனக் கொண்ட நிரலில் உள்ளது. ஒரு குறியின் முதல் பைட்டை அடுத்து வருவன யாவும் இரும எண்ணில் 10 எனத் தொடங்குவதால், குறியின் எல்லையைக் காண்பது அரிதன்று. உயிர்மெய்யைப் பிரியாது காப்பதற்கு மட்டும் எழுத்து யாது என்னும் இலக்கணத் தெளிவு வேண்டும். அத்தெளிவு தமிழ் வகுப்பில் கிடைப்பது.

முதியவர் ஒருவர் தம் பெயரைத் தமிழில் தட்டி, ஓர் எழுத்தைத் திருத்த முயன்று, சிதைந்த குறிகளையே காண்பாராயின், இக்கருவிக்கு ஆங்கிலமே உகந்தது என முடிவு செய்துவிடுவார். ஒரு மொழி புழக்கத்தினின்று விலகுவது இத்தகைய சிறு தோல்விகளாலேயே.

ஆதலின், ஆய்வகத்தின் முதல் எதிரொலிப் பயிற்சியைத் தமிழ்ச் சொல்லைக் கொண்டே நடத்துமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறோம். தமிழ் மாணவரும் உடனிருந்து எழுத்தை எண்ணவும் அழிக்கவும் செய்து சோதிக்கட்டும். இதற்குத் தனிச் செலவு ஏதுமில்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்வது கல்வியாகாது என மாணவச் செல்வங்களுக்கு உரைக்கும் நாம், அவர்கள் இயக்கும் பொறிக்கும் அதே அளவுகோலைக் கொள்வோமாக.