மெயில் போனா வராது மச்சி!

ஃபைனல் இயர் மக்களே, ஒரு சின்னக் கேள்வி. உங்க காலேஜ் மெயில் ஐடி இன்னும் எத்தனை நாளைக்கு உங்களோடது?

ஃபேர்வெல்லுக்கு என்ன டிரெஸ்னு முடிவாயிடுச்சு. டூர் பிளான் ரெடி. ஆனா, நாலு வருஷமா அந்த ஐடிக்கு வந்து குவிஞ்ச மெயிலுக்கு என்ன பிளான்? ஆஃபர் லெட்டர், இன்டர்ன்ஷிப் சர்ட்டிஃபிகேட், கைடு திருத்தி அனுப்பின புராஜெக்ட் ரிப்போர்ட், ஃபீஸ் ரசீது... எல்லாம் அதுலதானே தூங்குது!

படிப்பு முடிஞ்ச கொஞ்ச நாள்லயே ஐடியை மூடிடுற காலேஜ்கள் நிறைய. 2022-ல கூகுள், ஒரு கல்வி நிறுவனத்துக்கு மொத்தமா 100 டெராபைட்தான் அடிப்படை இடம்னு வரம்பு கட்டுச்சு. அதுக்கப்புறம் பழைய மாணவர்களோட கணக்குகளைக் குறைக்க ஆரம்பிச்ச நிறுவனங்களும் உண்டு. ரெண்டு வருஷம் கழிச்சு வேலையில சேரும்போது, 'அந்த இன்டர்ன்ஷிப் மெயிலைக் காட்டுங்க'ன்னு ஹெச்.ஆர் கேட்டா, மூடின கதவைத் தட்டிட்டு நிக்க வேண்டியதுதான்.

வழி இருக்கு பாஸ். மெயிலை நம்ம கம்ப்யூட்டருக்கே கூட்டிட்டு வந்துடலாம். அதுக்குத்தான் தண்டர்பேர்டு. மோசில்லா 2004-ல வெளியிட்ட மெயில் புரோகிராம். இன்னிக்கும் இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூணுலயும் ஓடும்.

'நான் ஏற்கெனவே அதுல காலேஜ் மெயிலைப் போட்டு வெச்சிருக்கேனே'ங்கறீங்களா? வெயிட் ப்ளீஸ், இங்கதான் ட்விஸ்ட்!

கண்ணாடியும் பெட்டியும்

பெரும்பாலும் நாம ஐமேப் முறையிலதான் கணக்கைச் சேர்க்கிறோம். ஐமேப் ஒரு கண்ணாடி மாதிரி. சர்வர்ல என்ன இருக்கோ, அதுதான் இங்கேயும் தெரியும். அங்கே ஒரு மெயில் அழிஞ்சா, அடுத்த தடவை கனெக்ட் ஆனதும் இங்கேயும் காணாமப் போயிடும். சிங்க் வேற, பேக்கப் வேற!

இதுக்கு ஒரு நிஜ உதாரணம் இருக்கு. 2011 பிப்ரவரியில ஜிமெயில் பயனாளிகள்ல சுமார் 0.02 சதவிகிதம் பேருக்கு மெயில்பாக்ஸ் காலியா தெரிஞ்சது. கூகுள் ஒவ்வொரு மெயிலுக்கும் பல காப்பி வெச்சிருந்துச்சு. ஆனா, ஸ்டோரேஜ் சாஃப்ட்வேர் அப்டேட்ல இருந்த பிழை பல காப்பிகளையும் சேர்த்தே பாதிச்சிடுச்சு. கடைசியில காப்பாத்தினது எது தெரியுமா? நெட்டோட சம்பந்தமே இல்லாம தனியா இருந்த மேக்னடிக் டேப்! கூகுளுக்கே ஒரு 'தனிப் பெட்டி' தேவைப்பட்டா, நமக்கு வேண்டாமா?

தண்டர்பேர்டுல அந்தப் பெட்டிக்குப் பேர் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்'. இடது பக்கம் கீழே இருக்கும். அதுல '2023', '2024'னு வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர் போடுங்க. மெயில்களை செலக்ட் பண்ணி, ரைட் கிளிக், 'காப்பி டு', லோக்கல் ஃபோல்டர்ஸ். அவ்வளவுதான். ஜிமெயில் வகைக் கணக்குன்னா, 'ஆல் மெயில்' ஃபோல்டர்ல இருந்து எடுத்தா போதும். ஸ்பாம், டிராஷ் தவிர எல்லாம் அதுலயே இருக்கும். ஒரே மெயில் ரெண்டு தடவை வராது.

உங்க காலேஜ்ல ஐமேப்பைப் பூட்டி வெச்சிருந்தா, கூகுள் டேக்அவுட்ல மெயிலை எம்பாக்ஸ் ஃபைலா இறக்கலாம். அதுவும் இல்லைன்னா சிஸ்டம் அட்மின் சார்தான் கதி. ஐடி மூடறதுக்கு முன்னாடியே போய்க் கேளுங்க!

ஒளிஞ்சிருக்கும் ஃபைல்

பெட்டிக்குள்ள வந்தாச்சு. ஆனா, பெட்டி எங்கே இருக்கு? இது தெரியாமத்தான் பல பேர் கோட்டை விடறாங்க. லேப்டாப்பை ஃபார்மட் பண்ணக் கொடுத்தா, 'டேட்டா எல்லாம் எடுத்துட்டேன் தம்பி'ன்னு சர்வீஸ் அண்ணன் சொல்வார். அவர் எடுத்தது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், போட்டோ. தண்டர்பேர்டு மெயிலை வெச்சிருக்கிற இடமோ, சி டிரைவ்ல 'ஆப்டேட்டா'ங்கற மறைச்சு வெச்ச ஃபோல்டர்! அண்ணனையும் குத்தம் சொல்ல முடியாது, அது கண்ணுக்கே தெரியாதே.

தேட வேண்டாம். தண்டர்பேர்டுல 'ஹெல்ப்' போய், ட்ரபுள்ஷூட்டிங் பக்கத்தைத் திறந்தா, புரொஃபைல் ஃபோல்டர் பக்கத்துல 'ஓபன் ஃபோல்டர்' பட்டன் இருக்கும். அமுக்கினா நேரா அங்கேயே கூட்டிட்டுப் போகும். உள்ளே 'மெயில்', அதுக்குள்ள 'லோக்கல் ஃபோல்டர்ஸ்'. '2023'ன்னு ஒரே ஒரு ஃபைல் இருக்கும். அந்த வருஷத்து மெயில், அட்டாச்மென்ட் எல்லாம் அந்த ஒரே ஃபைலுக்குள்ள வரிசையா எழுதப்பட்டிருக்கும். கூடவே எம்.எஸ்.எஃப்-னு முடியற குட்டி ஃபைல் இருந்தா அது வெறும் இண்டெக்ஸ். தொலைஞ்சாலும் தண்டர்பேர்டே புதுசா உண்டாக்கிக்கும்.

ஒரு வருஷம் முழுக்க ஒரே ஃபைல்ங்கறது வசதி. ஆபத்தும் அதேதான். அந்த ஒரு ஃபைல் கெட்டா, ஒரு வருஷம் போச்சு! அதனால...

காப்பி அடிக்கலாம் வாங்க

(எக்ஸாம் ஹாலை நினைக்காதீங்க!)

1. முதல்ல தண்டர்பேர்டை முழுசா மூடுங்க. எழுதிட்டிருக்கிற ஃபைலை காப்பி பண்ணினா பாதிதான் வரும்.

2. புரொஃபைல் ஃபோல்டர் மொத்தத்தையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்குல காப்பி பண்ணுங்க. மெயிலோட அட்ரஸ் புக், ஃபில்டர் எல்லாம் சேர்ந்தே வந்துடும்.

3. பென்டிரைவ்னா, அது ஃபேட்32 முறையில ஃபார்மட் ஆகியிருக்கான்னு பாருங்க. அதுல 4 ஜிபி-க்கு மேல ஒரே ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாத்திக்கங்க. உள்ளே இருக்கிறது அழியும், முதல்ல எடுத்து வெச்சுடுங்க.

4. இன்னொரு காப்பி வேற இடத்துல இருக்கட்டும். ஒண்ணு ஹாஸ்டல்ல, ஒண்ணு வீட்டுல. ரெண்டையும் ஒரே பையில போட்டுட்டு பஸ் ஏறாதீங்க!

வருஷவாரியா பிரிச்சதோட பலன் இங்கே தெரியும். பழைய வருஷத்து ஃபைல் இனி மாறப்போறதில்லை. அடுத்த தடவை இந்த வருஷத்து ஃபைலை மட்டும் புதுப்பிச்சா போதும்.

ஒரு எச்சரிக்கை. அந்த ஃபோல்டருக்குள்ள நீங்க சேவ் பண்ணின பாஸ்வேர்டும் இருக்கும். பிரைமரி பாஸ்வேர்டு போடலைன்னா, பென்டிரைவ் கையில கிடைக்கிற யாரும் உங்க கணக்குல புகுந்துடலாம். செட்டிங்ஸ்ல ஒண்ணு போட்டுட்டு அப்புறம் காப்பி எடுங்க. அப்பவும் மெயில்களை யாரும் படிக்கலாம், அதனால டிரைவைக் கண்ட இடத்துல வைக்காதீங்க. இன்னொண்ணு, நீங்க டெலீட் பண்ணின மெயிலும் 'காம்பாக்ட்' பண்ற வரைக்கும் ஃபைலுக்குள்ள இருந்துட்டேதான் இருக்கும். அதையும் முடிச்சுட்டு எடுக்கிறது புத்திசாலித்தனம்.

அவுட்லுக் பார்ட்டிகளுக்கு: கிளாசிக் அவுட்லுக்ல இருக்கிற ஓ.எஸ்.டி ஃபைல் வெறும் கண்ணாடி. அதை நம்பாதீங்க. 'ஃபைல்', 'ஓபன் அண்ட் எக்ஸ்போர்ட்' வழியா பி.எஸ்.டி ஃபைலா எடுத்து, அதைத்தான் பத்திரப்படுத்தணும்.

கிளைமாக்ஸ் டெஸ்ட்

காப்பி எடுத்துட்டா முடிஞ்சுதா? இல்லை. திறந்து பார்க்காத பேக்கப், எழுதிப் பார்க்காத புரோகிராம் மாதிரி. ரன் ஆகுமா ஆகாதான்னு யாருக்குத் தெரியும்?

வீட்டுல வேற கம்ப்யூட்டர் இருந்தா தண்டர்பேர்டை இன்ஸ்டால் பண்ணி, 'டூல்ஸ்' மெனுவுல 'இம்போர்ட்' மூலமா அந்த ஃபோல்டரைக் கொடுங்க. இப்ப வைஃபையை ஆஃப் பண்ணுங்க. ஃபர்ஸ்ட் இயர்ல வந்த ஒரு மெயிலைத் தேடி, அட்டாச்மென்ட்டைத் திறங்க. திறந்துச்சா? நெட் இல்லாம, காலேஜ் சர்வர் இல்லாம திறந்துச்சுன்னா, அந்த மெயில் உங்களோடது. இனி யார் ஐடியை மூடினாலும் கவலையில்லை.

திறக்கலையா? பதறாதீங்க. ஐடி உயிரோட இருக்கிற வரைக்கும் இன்னொரு சான்ஸ் இருக்கு. அதனாலதான் சொல்றேன், நாளைக்கே ஆபீஸ் ரூம்ல போய் மூடற தேதியைக் கேளுங்க. நோ டியூஸ் ஃபார்ம்ல கையெழுத்து வாங்கற அலைச்சலுக்கு நடுவுல, இந்த ஒரு கேள்வியையும் சேர்த்துக்கங்க மக்களே!