ஏரி நிறைந்தால் போதுமா?

தென்னேரி ஏரி நிரம்பித் தளும்பினாலும், மதகு திறக்காவிட்டால் கடைமடைக்கு ஏது தண்ணீர்? இணையவழிப் படிப்பின் நிலையும் இன்று அதுதான்.

2017-இல் மத்திய அரசு 'ஸ்வயம்' என்னும் இணையப் பாடத் திட்டத்தைத் தொடங்கிற்று. ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை அதன் வழியே படித்தால், அது பட்டக் கணக்கில் சேரும் என்று 2021-இல் பல்கலைக்கழக மானியக் குழு விதி செய்தது. பொழுதுபோக்கா இது? இல்லை; பட்டத்தோடும் பிழைப்போடும் பிணைந்த படிப்பு!

"யாரும் படிக்கலாம்" என்கின்றனர். தறியில் உழைத்துப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் நெசவாளியை எண்ணிப் பாருங்கள். பிள்ளைக்குக் காது கேளாதெனில், பேராசிரியர் பேசப் பேசத் திரையின் அடியில் எழுத்து ஓட வேண்டாமா? கண் தெரியாதெனில், பாடத்தைக் கணினி வாசித்துக் காட்ட வேண்டாமா? தமிழ்ப் பக்கத்தை வெறும் படமாகவோ பழைய எழுத்துருவிலோ ஏற்றி வைத்தால் கணினி எதை வாசிக்கும்? ஒருங்குறியைத் தமிழக அரசு தரமாக அறிவித்தது 2010-இல்!

நாம் கேட்பது கருணையல்ல, உரிமை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 42-ஆம் பிரிவில், திரையில் எழுத்தும் சைகை மொழியும் வேண்டும் என்கிறது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாய் இருத்தலாகாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இணைய வசதிகளை அணுகுதல் வாழ்வுரிமையின் கூறு என்று 2025 ஏப்ரலில் மேலும் உரைத்தது.

செலவாகுமே என்பர் சிலர். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகமும் செலவைத்தான் காட்டிற்று. காது கேளாதோர் முறையிட்டனர். அந்நாட்டு நீதித்துறை குறையைச் சுட்டிற்று. அதுவோ 2017-இல் 20,000-க்கு மேற்பட்ட பாடப் பதிவுகளைப் பொதுமக்கள் பார்வையிலிருந்தே நீக்கிற்று! ஒருவனுக்குக் கதவைத் திறக்கச் சொன்னால், ஊருக்கே அடைப்பதா நீதி? முடிவில் 2022-இல், தன் இணையப் பாடங்களைச் சீர்செய்ய அதே பல்கலைக்கழகம் உடன்பட வேண்டி வந்தது.

பாவிலே அறுந்த இழையை அப்போதே பிணைப்பான் நெசவாளி. சேலையை நெய்து முடித்தபின் தேட மாட்டான். பாடம் தயாராகும்போதே எழுத்தையும் ஒலியையும் சேர்த்துவிட்டால், பின்னால் பெருஞ்செலவு எதற்கு?

உங்கள் ஊரில் இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் படிக்கும் பாடங்களில் எவை எட்டவில்லை? வீடு வீடாய்க் கேட்டெழுதுங்கள். கல்லூரி முதல்வரிடமும், காஞ்சி ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளிலும் மனுவாய்க் கொடுங்கள். சட்டம் நம் பக்கம். கேட்க வேண்டியது நாம்!