கரண்ட் வைத்தால் கால் கருகாது

திருச்செங்கோட்டில் போன வாரம் ஒரு துக்க வீட்டு வாசலில் மறுபடியும் அந்தப் பேச்சு. போர்வெல் ரிக் வண்டியில் வேலை பார்க்கும் இளைஞனுக்குத் தொடையில் கட்டி. சதையில் வந்த புற்றுநோய். ஆபரேஷனோடு ரேடியேஷனும் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பெரியவர் ஒருவர் உடனே தீர்ப்பு எழுதிவிட்டார்: "கரண்டு வெச்சா காலு கருகிப் போயிருமுங்க. பேசாம எடுத்துப் போட்டுட்டா உசுராச்சும் மிஞ்சும்." சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது.

ரேடியேஷனுக்கு ஊர் வைத்த பெயர்தான் கரண்ட். எந்தக் கரண்ட், ஐயா? மேஜையில் படுத்திருப்பவர் உடம்பில் ஒரு பொட்டு மின்சாரம் பாய்வதில்லை. எக்ஸ்ரே எடுக்கும்போது வரும் அதே இனக் கதிர்தான், வீரியம் பல மடங்கு. சில நிமிஷ வேலை. அந்நேரம் வலியும் இல்லை, சூடும் தெரியாது. கோபால்ட் இயந்திரத்தில் கதிர் பிறக்க மின்சாரமே தேவையில்லை. உள்ளிருக்கும் கோபால்ட் 60 தானாகவே கதிர் விடும். முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அந்த இயந்திரம் 1957-லேயே வந்துவிட்டது. நம் ஊர்த் திண்ணைக்குத்தான் இன்னும் சேதி வரவில்லை.

காலை எடுத்தால்தான் உயிர் மிஞ்சுமாம். இதற்குப் பதில் 1982-லேயே அச்சில் வந்தாயிற்று. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஸ்டீவன் ரோசன்பெர்க் குழு, கை கால் சதைப் புற்று வந்த 43 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தது. 16 பேருக்கு உறுப்பையே எடுத்தார்கள். 27 பேருக்குக் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர் கொடுத்தார்கள். இரு தரப்புக்கும் கீமோவும் உண்டு. ஐந்து வருஷக் கணக்கில் உயிரோடு இருந்தவர்கள், எடுத்த தரப்பில் 88 சதவீதம், எடுக்காத தரப்பில் 83. இத்தனை சிறிய குழுவில் புள்ளியியல் அதை ஒரு வித்தியாசமாகவே ஏற்காது. 27 பேரில் 4 பேருக்குக் கட்டி அதே இடத்தில் திரும்பியது. அப்படியும் உயிர்க்கணக்கு மாறவில்லை. காலை வெட்டச் சொல்கிறவர்கள் முதலில் அந்த 27 பேருக்குப் பதில் சொல்லட்டும்.

கதிர் பட்ட தோல் கறுக்கும், உரியும். மூட்டு இறுகலாம், கால் வீங்கலாம், ஆபரேஷன் புண் ஆற நாளாகலாம். ஆனால் கறுத்த காலும் இல்லாத காலும் ஒன்றா? நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறவனுக்குக் கிளட்ச் மிதிக்க இடது கால் வேண்டும். திண்ணைத் தீர்ப்பு அவன் பிழைப்பையும் சேர்த்து வெட்டுகிறது.

கட்டியை எண்ணெய் போட்டு உருவி விடுகிறவர்களை என்ன சொல்ல? அவர்களை விடுங்கள், படித்த டாக்டர்களிலும் சிலர் "கொழுப்புக் கட்டி" என்று ஸ்கேன்கூட இல்லாமல் தோண்டி எடுத்துவிடுகிறார்கள். ஐந்து சென்டிமீட்டர் தாண்டிய கட்டி, ஆழத்தில் கிடக்கும் கட்டி, வளர்ந்துகொண்டே போகும் கட்டி எதுவானாலும் முதலில் எம்ஆர்ஐ, பிறகு ஊசி பயாப்ஸி, அதற்கப்புறம்தான் கத்தி. பயாப்ஸி செய்யாமல் அரைகுறையாகத் தோண்டியதால் மிச்சம் வளர்ந்தால், "கத்தி பட்டதும் பரவிடுச்சு" என்று ஊர் பேசுகிறது. கத்தி என்ன செய்யும்? பிடித்த கையைக் கேளுங்கள்.

அரசாங்கமும் தப்ப முடியாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர் சிகிச்சை உண்டு, சரி. இழந்த கூலிக்கு? ஆபரேஷனுக்கு முன் கொடுப்பதானால் வழக்கமாக 25 தடவை, வாரம் ஐந்து நாள், ஐந்து வாரம். ராசிபுரத்துத் தறிக்காரர் அத்தனை நாள் கூலியை விட்டால் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? பாதியில் நிறுத்திவிடுகிறார். கட்டி திரும்பினால் பழி மட்டும் கரண்ட் மேல்.

சதைக் கட்டியோடு ஒருவர் உங்களிடம் யோசனை கேட்டால், புற்றுநோய் மருத்துவரிடமும் கதிர் சிகிச்சை மருத்துவரிடமும் கூட்டிக்கொண்டு போங்கள். சிகிச்சை முடியும் வரை அவர் வீட்டுக்கு அரிசி வாங்கிப் போடுங்கள். இரண்டும் முடியாதென்றால், தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.